நரம்பு நஞ்சுகளைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரையைச் சரிபார்த்தல்

பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறங்களில் பணியாற்றும் களப்பணியாளருக்கும் ஆசிரியருக்கும் உரிய பாடம்

பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில் உள்ள சித்தூர் வட்டத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களிலும் தமிழ் வழியாகக் கற்பிக்கும் பள்ளிகள் உள்ளன. இப்பகுதிகளில் வேளாண்மைப் பணியாளர் மலையாளம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் உழவருடன் பேச வேண்டியவராக உள்ளனர். கம்பம், போடி முதலிய ஊர்களிலிருந்து தொழிலாளர் விடியற்காலையில் ஜீப்புகளில் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக மலையேறி ஏலத் தோட்டங்களில் வேலை செய்து மாலையில் திரும்புகின்றனர். மேற்கே கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம் ஆகிய எல்லையூர்களைக் கடந்தால் முதலமடையின் மாந்தோப்புகள் தொடங்குகின்றன. ஏலத்தில் இலைப்பேனும் தண்டு துளைப்பானும், மாவில் தத்துப்பூச்சியும் ஆண்டுதோறும் தலைகாட்டுபவை. அவற்றை ஒழிக்கத் தெளிக்கப்படும் பொருளை எல்லையின் இரு புறத்திலும் மக்கள் ‘மருந்து’ என்றே அழைக்கின்றனர். நோய் தீர்ப்பதற்கும் உயிர் போக்குவதற்கும் ஒரே சொல் வழங்குவது பேச்சில் பெரும் இடர் செய்வதில்லை. அச்சில் ஏறும்போது அது குழப்பத்தை விளைவிக்கும்.

தோட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தார் என்ற செய்தி வரும் போதும், உலகின் ஏதோ ஒரு மூலையில் நரம்பு நஞ்சு வீசப்பட்டது என்று செய்தித்தாளில் காணும் போதும், மாணவர் ஆசிரியரிடம் விளக்கம் கேட்பர். ஆசிரியர் நாடுவது கலைக்களஞ்சியத்தையே. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் இத்துறையில் தமிழுக்கு வாய்த்த முதற் பெருமுயற்சி. அதன் பின்னரும் களஞ்சியங்கள் பல தோன்றியுள்ளன. எனினும், எவ்வளவு கருத்துடன் தொகுக்கப்பட்டாலும், அச்சான மறுநாளே பழையதாகத் தொடங்குவது இத்தகைய நூலின் இயல்பு. நரம்பு நஞ்சுகளைப் பற்றிய கட்டுரை வேறு பலவற்றைவிட விரைவில் பழையதாகும். பழையதாவது மட்டுமன்று, தொடக்கத்திலேயே பிழையாக எழுதப்படுவதற்கும் அதில் வாய்ப்பு மிகுதி. போர்ச் செய்திகள், தோட்டத்து விபத்துகள், வழக்கு மன்றத் தீர்ப்புகள் ஆகிய மூன்றும் அதில் கலந்து வருவதே காரணம்.

பின்வரும் பத்தி பயிற்சிக்காக அமைக்கப்பட்டது. எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. ஆயினும் இதில் உள்ள வாக்கியங்களை ஒத்தவற்றைப் பாடக் குறிப்புகளிலும் சிறு நூல்களிலும் காணலாம்.

“நரம்பு வாயு என்பது நிறமும் மணமும் அற்ற கொடிய வாயு ஆகும். இதனை ஜெர்மானியர் கண்டுபிடித்து இரண்டாம் உலகப் போரில் பயன்படுத்தினர். இது நரம்புகளை அழித்து மனிதரைக் கொல்லும். நம் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பான் முதலிய பூச்சி மருந்துகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. அட்ரோப்பின் ஊசி இவை அனைத்திற்கும் மாற்று மருந்தாகும். 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் இந்நஞ்சினால் பலர் மாண்டனர். 1995இல் டோக்கியோ நகரில் 12 பேர் இறந்தனர்.”

ஏழு வாக்கியங்களில் ஒன்றேனும் உள்ளபடியே நிற்கத் தகுந்ததன்று. சில முழுப் பிழை. சில அரைகுறை உண்மை. அரைகுறை உண்மையைத் திருத்துவதே கடினம்.

வாயுவா, திரவமா?

முதல் வாக்கியம் பெயரிலேயே வழுவுகிறது. சாரின், டாபுன், சோமான், வி.எக்ஸ். ஆகிய நான்கும் சாதாரண வெப்பநிலையில் திரவங்கள். சாரின் 158 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில்தான் கொதிக்கும். வி.எக்ஸ். கொதிநிலை 300 டிகிரியை ஒட்டியது. அது எஞ்சின் எண்ணெயைப் போலக் கனத்த திரவம். சாரின் ஏறத்தாழத் தண்ணீரைப் போல ஆவியாகும். அந்த ஆவி காற்றைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு கனமுடையதாதலால் தாழ்ந்த இடங்களில் தேங்கும். வி.எக்ஸ். மிக மெதுவாகவே ஆவியாவதால், விழுந்த இடத்திலேயே பல நாள் தங்கி, தொடுவோரின் தோல் வழியாக உட்புகும். ‘வாயு’ என்று எழுதினால் படிப்பவர் மூச்சை மட்டும் காத்தால் போதும் என்று எண்ணுவார். தோலும் உடையும் அவர் நினைவில் வாரா. ஆதலின் ‘நரம்பு நஞ்சு’ என்பதே தக்க பெயர். ‘நரம்பு வாயு’ என்ற வழக்குப் பெயரை அடுத்துக் குறிப்பிட்டு, அது பொருந்தாமையையும் ஒரு தொடரில் சொல்லிவிடலாம்.

‘மணமற்றது’ என்பது தூய சாரினுக்குப் பொருந்தும். டாபுனுக்கு இலேசான பழ வாடை உண்டு. ஒரு குடும்பத்தின் ஓர் உறுப்புக்குரிய பண்பைக் குடும்பம் முழுவதற்கும் ஏற்றிச் சொல்லுதல் கலைக்களஞ்சியக் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படும் குறை.

பூச்சியைத் தேடிய ஆய்வு

இரண்டாம் வாக்கியத்தில் பாதி சரி. ஐ. ஜி. பார்பன் என்ற ஜெர்மன் நிறுவனத்தில் புதிய பூச்சிக்கொல்லிகளைத் தேடி வந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் என்பவர் 1936ஆம் ஆண்டு டிசம்பர் 23ஆம் நாள் டாபுனை முதன்முதலாகத் தயாரித்தார். நரம்பிலிருந்து தசைக்கும் சுரப்பிக்கும் செய்தி ஒரு ரசாயனப் பொருளின் வழியாகச் செல்கிறது என்று கண்டதற்காக ஓட்டோ லோவி, ஹென்றி டேல் ஆகிய இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டதும் அதே மாதத்தில்தான். நரம்பின் மொழி விளங்கத் தொடங்கிய போதே அம்மொழியைக் குலைக்கும் பொருளும் தோன்றியது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஆய்வுச்சாலை மேசையில் சிந்திய துளியின் ஆவியினால் ஷ்ராடரும் உதவியாளரும் கண்பாவை சுருங்கி, மூச்சுத் திணறி அவதியுற்றனர். தேறுவதற்கு வாரங்கள் சென்றன.

1938இல் சாரின் உருவாயிற்று. 1944இல் ரிச்சர்டு கூன் சோமானைக் கண்டார். டைஹெர்ன்புர்ட் என்னுமிடத்தில் ஏறத்தாழ 12,000 டன் டாபுன் உற்பத்தி செய்யப்பட்டது. ஆனால் அப்போரில் ஜெர்மனி அதனைப் போர்க்களத்தில் பயன்படுத்தவில்லை. ஈரான் – ஈராக் போரில் டாபுன் பயன்படுத்தப்பட்டதை ஐக்கிய நாடுகளின் நிபுணர் 1984இல் உறுதி செய்தனர். 1988 மார்ச் 16 அன்று ஹலாப்ஜா நகர் தாக்கப்பட்டது. 2013 ஆகஸ்டு 21 அன்று சிரியாவில் கூட்டா பகுதியில் சாரின் வீசப்பட்டது. ‘கண்டுபிடித்தனர்’, ‘உற்பத்தி செய்தனர்’, ‘பயன்படுத்தினர்’ என்னும் மூன்று வினைகளும் வெவ்வேறானவை. ஒன்றுக்குச் சான்று இருப்பதால் மற்றொன்றுக்கும் சான்று இருப்பதாகக் கொள்ளலாகாது.

கதை ஜெர்மனியோடு முடியவில்லை. 1950களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஐ. சி. ஐ. நிறுவனத்தின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வுச்சாலையில் ரணஜித் கோஷ் என்னும் வேதியியலார் சில பாஸ்பரஸ் சேர்மங்களை ஆராய்ந்தார். அவற்றுள் அமிட்டான் என்பது சிலந்திப்பேனை ஒழிக்கும் பொருளாக 1954இல் விற்பனைக்கு வந்து, பயன்படுத்துவோருக்கே பேராபத்தானது என்று விரைவில் கைவிடப்பட்டது. வி.எக்ஸ். உள்ளிட்ட ‘வி’ வரிசை நஞ்சுகள் அவ்வழியில் பிறந்தவையே. வயலுக்கும் போர்க்களத்துக்கும் இடையே இருந்த வேலி எவ்வளவு தாழ்வானது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. எல்லைப்புறத்து வாசகருக்குக் கட்டுரையில் மிகவும் தேவையான பகுதியும் இதுவே. பெரும்பாலும் விடுபட்டுப் போவதும் இதுவே.

நரம்பு அழிவதில்லை

‘நரம்புகளை அழித்து’ என்னும் தொடர் நிகழ்ச்சியையே தலைகீழாக்குகிறது. நரம்பு நுனியிலிருந்து அசெட்டைல் கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டுத் தசையையோ சுரப்பியையோ இயக்குகிறது. இயக்கம் முடிந்ததும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதனை உடனே சிதைத்துவிடும். மடையைத் திறந்தவன் வயல் நிறைந்ததும் அடைப்பது போன்ற ஏற்பாடு இது. நரம்பு நஞ்சு அந்த நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்குகிறது. மடை அடைபடுவதில்லை. கண்ணீர், உமிழ்நீர், வியர்வை, மூச்சுக்குழலில் சளி ஆகியன பெருகுகின்றன. கண்பாவை ஊசிமுனையளவாகச் சுருங்குகிறது. தசைகள் துடித்துத் துடித்து இறுதியில் ஓய்ந்து விடுகின்றன. மூச்சு நின்று மரணம் நேர்கிறது. நரம்பு முழுமையாகவே இருக்கிறது. அதன் கட்டளைகளுக்கு முற்றுப்புள்ளி வைப்பாரில்லாமல் போவதே துன்பத்திற்குக் காரணம்.

இதனைச் சரியாக எழுதினால்தான் மருத்துவம் விளங்கும். அட்ரோப்பின், அசெட்டைல் கோலின் சுரப்பிகளிலும் மூச்சுக்குழலிலும் இதயத்திலும் செய்யும் வேலையைத் தடுக்கிறது. கட்டுண்ட நொதியை அது விடுவிப்பதில்லை. தசை ஓய்வையும் நீக்குவதில்லை. நொதியை விடுவிக்கத்தக்கவை பிராலிடாக்சைம் முதலிய ஆக்சைம்கள். அவற்றுக்கும் காலவரையறை உண்டு. நஞ்சும் நொதியும் சேர்ந்த கட்டு நேரம் செல்லச்செல்ல இறுகிவிடும். சோமானில் இதற்குச் சில நிமிடங்களே போதும், சாரினில் சில மணி நேரம் ஆகும், வி.எக்ஸில் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். இறுகிய பின் ஆக்சைம் பயனற்றது. பூச்சிக்கொல்லி நஞ்சேறியவர்களிடத்தில் ஆக்சைம்களின் பயன் குறித்து மருத்துவரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது. கட்டுரை அதனையும் மறைக்காமல் கூற வேண்டும்.

எண்டோசல்பானைச் சேர்க்கலாமா?

நான்காம், ஐந்தாம் வாக்கியங்களே இப்பாடத்தின் மையம். வடகேரளத்தின் காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்களின் மீது பல ஆண்டுகள் வானூர்தியிலிருந்து தெளிக்கப்பட்டு மக்களுக்குப் பெருந்துன்பம் விளைந்தது என்ற குற்றச்சாட்டினால், எண்டோசல்பான் என்னும் பெயர் கேரளம் முழுவதும் நஞ்சுக்கே மறுபெயராகிவிட்டது. 2005இல் கேரளத்தில் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டது. 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அதனை ஒழிக்க வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அதன் உற்பத்திக்கும் விற்பனைக்கும் பயன்பாட்டுக்கும் இடைக்காலத் தடை விதித்தது. இவ்வாறு புகழ்பெற்ற நஞ்சாதலால், எழுதுவோர் அதனை நரம்பு நஞ்சுகளின் பட்டியலில் தயங்காமல் சேர்த்துவிடுகின்றனர்.

எண்டோசல்பானும் நரம்பு மண்டலத்தையே தாக்குகிறது என்பது உண்மை. ஆயினும் அது கரிம பாஸ்பரஸ் சேர்மமன்று. குளோரின் சேர்ந்த வேறொரு குடும்பத்தது. அது கோலினெஸ்டரேஸைத் தொடுவதில்லை. மூளையில் நரம்புகளின் கிளர்ச்சியை அடக்கும் ஏற்பாட்டைக் குலைத்து வலிப்பை உண்டாக்குகிறது. ஊசிமுனைக் கண்பாவையோ உமிழ்நீர்ப் பெருக்கோ அதன் அடையாளமன்று. அட்ரோப்பின் அதற்கு மாற்று மருந்துமன்று. மருத்துவர் வலிப்பையே அடக்க முயல்வர்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. அண்டை நாடான இலங்கையில் இது பல உயிர்களின் விலையில் தெளிவாயிற்று. அங்கு மோனோகுரோட்டோபாஸ் முதலிய கொடிய பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் 1995இல் தடை செய்யப்பட்டன. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்தது. அட்ரோப்பினைக் கொண்டு பழகியிருந்த மருத்துவமனைகளுக்கு அடங்காத வலிப்புடன் நோயாளர் வந்து சேர்ந்தனர். 1998இல் எண்டோசல்பானும் தடை செய்யப்பட்டது. ‘எல்லாம் ஒரே வகை’ என்று எழுதப்பட்ட கட்டுரையைப் படித்த களப்பணியாளர், தோட்டத்திலிருந்து தூக்கி வரப்பட்டவருடன் எந்தப் புட்டியை எடுத்துச் செல்ல வேண்டும் என்று கவலை கொள்ளமாட்டார். ஒரே வகையாயின் புட்டி எதற்கு? மலையிலிருந்து இறங்கி, எல்லை கடந்து, வேறு மாநிலத்து மருத்துவமனையில் வேறு மொழியில் விவரம் சொல்ல நேரும் இப்பகுதியில், அந்தப் புட்டியின் மேலுள்ள ரசாயனப் பெயரே மருத்துவருக்குக் கிடைக்கும் முதற் சான்றாகும்.

மூன்றாம் குடும்பமும் ஒன்று உண்டு. வாழைத் தோட்டங்களில் பியூரடான் என்ற வாணிபப் பெயரில் பலரும் அறிந்த கார்போபியூரான் கார்பமேட் வகையைச் சேர்ந்தது. அதுவும் கோலினெஸ்டரேஸையே பற்றுகிறது. ஆனால் நொதி சில மணி நேரத்தில் தானே விடுபட்டுவிடும். ஆகவே அட்ரோப்பின் அதற்குப் பொருந்தும். அடையாளங்கள் ஒத்திருப்பினும் குடும்பம் வேறு. இவ்வாறு மூன்று குடும்பங்களையும் மூன்று தொடர்களில் பிரித்துச் சொன்னால் கட்டுரை நீளாது.

ஆசிரியர்கள் மாணவருக்கு ஓர் எளிய குறிப்பைத் தரலாம். மோனோகுரோட்டோபாஸ், குயினால்பாஸ், குளோர்பைரிபாஸ், புரோபெனோபாஸ் என ‘பாஸ்’ என முடியும் பெயர்கள் பெரும்பாலும் பாஸ்பரஸ் குடும்பத்தன. இது விதியன்று, அடையாளமே. மாலத்தியான், டைமெத்தோயேட், போரேட் ஆகியவையும் அக்குடும்பத்தனவே. பெயரில் அச்சுவடு இல்லை. வாணிபப் பெயர்களோ முற்றிலும் நம்பத்தக்கன அல்ல.

புட்டியின் மேல் சாய்சதுரத்தில் அச்சிடப்படும் நிறத்தையும் இங்கே விளக்குதல் வேண்டும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள், நீலம், பச்சை ஆகியவை படிப்படியாகக் குறைந்த நச்சுத்தன்மையையும் குறிக்கும். சோதனை எலிகளில் பாதியைக் கொல்லும் வாய்வழி அளவு, உடல் எடை கிலோ ஒன்றுக்கு 50 மில்லிகிராமோ அதற்குக் கீழோ இருப்பின் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. நிறம் நஞ்சின் அளவைக் கூறுமேயன்றி வகையைக் கூறாது. சிவப்புப் புட்டிகள் இரண்டுக்கு வெவ்வேறு மருத்துவம் தேவைப்படலாம். பச்சை என்றால் தீங்கற்றது என்று கொள்வதும் தவறு.

1958ஆம் ஆண்டின் துயரம்

ஆறாம் வாக்கியம் பொய்யன்று. ஆனால் அதில் ஒன்றுமே இல்லை. எந்த நஞ்சு, எவ்வழியாக, எவருக்கு என்ற வினாக்களுக்கு விடையில்லை. 1958 ஏப்ரல், மே மாதங்களில் கேரளத்தில் உணவு உண்டவர்கள் திடீரென நஞ்சேறி மாண்டனர். காரணம் பாராத்தியான் என்று கண்டறியப்பட்டது. போலிடால் என்ற பெயரில் இறக்குமதியான அப்பூச்சிக்கொல்லி, உணவுப்பொருளுடன் ஒரே கப்பலில் ஏற்றிவரப்பட்டபோது ஒழுகிக் கோதுமை மாவில் கலந்துவிட்டது. இறந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டவர். எண்ணிக்கை நூலுக்கு நூல் வேறுபடுவதால் ‘நூற்றுக்கும் மேற்பட்டோர்’ என்று எழுதுவதே முறை. ஒரு நூலில் கண்ட எண்ணை மற்றதன் மேல் தூக்கி வைப்பதில் நேர்மை இல்லை.

பாராத்தியானை உருவாக்கியவரும் டாபுனைக் கண்ட அதே ஷ்ராடர்தான். ஆனால் பாராத்தியானை ‘நரம்பு நஞ்சு’ என்று போர்க்கருவிகளுடன் சேர்த்து எழுதலாகாது. அது உடலுள் சென்று, பெரும்பாலும் ஈரலில், பாராக்சான் என்னும் பொருளாக மாறிய பின்னரே நொதியைப் பற்றுகிறது. சாரினுக்கு இம்மாற்றம் வேண்டுவதில்லை. அது நேராகவே தாக்கும். எனவே பாராத்தியான் உண்டவரிடம் அடையாளங்கள் சற்றுத் தாமதித்துத் தோன்றலாம். ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடும் தவறு இதனால் நேர்வதுண்டு. ‘அதே குடும்பம், அதே செயல், வேறு வேகம், வேறு வலிமை’ என்று குறிப்பிடுவதே சரி.

இந்நிகழ்ச்சியில் எவரும் தோட்டத்தில் மருந்து அடிக்கவில்லை என்பதையும் கட்டுரை சொல்லியாக வேண்டும். தீங்கு சரக்கு ஏற்றிய இடத்தில் நிகழ்ந்தது. நடுவண் அரசு நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. அதன் தொடர்ச்சியாகப் பல ஆண்டுகளுக்குப் பின் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. உணவுப்பொருளுடனோ கால்நடைத் தீவனத்துடனோ நேராகத் தொடும்படி பூச்சிக்கொல்லியை ஏற்றிச் செல்வதும் சேமிப்பதும் கூடாது என்று விதிகள் தெளிவாக விலக்குகின்றன. விலக்கியும் துயரம் மீண்டது. 2013 ஜூலை 16 அன்று பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது சோதனையில் தெரியவந்தது. கப்பலிலும் பள்ளிச் சமையலறையிலும் நடந்தது ஒன்றே. அரிசி மூட்டைக்கு அருகே மருந்துப் புட்டியை அடுக்கும் மளிகைக் கடையும், காலியான மருந்துக் கலத்தில் தண்ணீர் மொள்ளும் தோட்டக் குடியிருப்பும் இப்பகுதியில் எங்கேனும் உண்டா என்று களப்பணியாளர் பார்த்து வரலாம்.

எண்ணுக்கு நாள் வேண்டும்

ஏழாம் வாக்கியம் எழுதப்பட்ட நாளில் சரியாக இருந்திருக்கும். 1995 மார்ச் 20 அன்று டோக்கியோ சுரங்க ரயில்களில் சாரின் பரப்பப்பட்டதில் இறந்தோர் 12 என்று முதலில் அச்சாயிற்று. பின்னர் 13 என்று ஆயிற்று. அன்று பாதிக்கப்பட்டு 25 ஆண்டு நோயுற்றிருந்த ஒருவர் 2020 மார்ச்சில் இறந்தபின் 14 ஆயிற்று. மூன்று நூல்கள் மூன்று எண்களைக் கூறினால் மூன்றும் பிழை என்று முடிவு செய்தலாகாது. எண்ணுடன் ஆண்டையும் சேர்த்து எழுதியிருந்தால் முரண்பாடே தோன்றியிராது. தடைகளைப் பற்றிய செய்திகளுக்கும் இது பொருந்தும். மெத்தில் பாராத்தியான் 2018இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. போரேட், டிரையசோபாஸ், டைகுளோர்வாஸ் ஆகியவை 2020 டிசம்பர் 31 முதல் நிறுத்தப்பட்டன. ‘இப்போது விற்கப்படுகிறது’, ‘அண்மையில் தடை செய்யப்பட்டது’ என்ற சொற்களைக் கலைக்களஞ்சியத்தில் அறவே நீக்குதல் நலம்.

1993இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டு 1997 ஏப்ரல் 29 அன்று நடைமுறைக்கு வந்த ரசாயனப் போர்க்கருவித் தடை உடன்படிக்கையில் இந்தியா தொடக்கத்திலிருந்தே உறுப்பினர். அதனை ஒரு வரியில் குறித்தால் போதும். நஞ்சைத் தயாரிக்கும் முறை கட்டுரையில் இடம்பெற வேண்டியதில்லை. அதனை விடுவதால் செம்மை ஒன்றும் குறையாது. வாசகருக்கு அதனால் பயனும் இல்லை.

சரிபார்க்கும் வழி

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே எடுத்து, அது பொருளின் நிலையைக் கூறுகிறதா, குடும்பத்தைக் கூறுகிறதா, செயலைக் கூறுகிறதா, நிகழ்ச்சியைக் கூறுகிறதா என்று முதலில் காண வேண்டும். நிலைக்கும் குடும்பத்துக்கும் வேதியியல் பாடநூலே போதிய சான்று. செயலுக்கும் மருத்துவத்துக்கும் மருத்துவ நூல் வேண்டும், செய்தித்தாள் போதாது. நிகழ்ச்சிக்கு அரசு அறிக்கையோ நீதிமன்ற ஆணையோ கிடைத்தால் நலம். ஒரே மூலத்தைப் பார்த்து எழுதிய இரு நூல்கள் இரு சான்றுகளாகா. இதனை மறப்பதால் பிழைகள் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றன. ஏலத்துக்குரிய பூச்சிக்கொல்லிகளைப் பற்றிய ஐயங்களை மைலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும், பாம்பாடும்பாறையில் உள்ள கேரள வேளாண்மைப் பல்கலைக்கழக ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும் கேட்டறியலாம். உயர்வகுப்பு மாணவரிடம் மேற்கண்ட பிழைப் பத்தியைக் கொடுத்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று தேடச் செய்வது, விடையை எழுதிப் போடுவதைவிடப் பயன் தரும். மாணவர் தேடி முடித்தபின் பின்வரும் திருத்திய வடிவுடன் ஒப்பிடலாம். பழைய தொகுதிகளில் இதனைச் சிறு தாளில் எழுதி, திருத்திய நாளையும் குறித்து ஒட்டி வைக்கலாம்.

“நரம்பு நஞ்சுகள், கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியைச் செயலற்றதாக்கும் கரிம பாஸ்பரஸ் சேர்மங்கள். டாபுன், சாரின், சோமான், வி.எக்ஸ். ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ‘நரம்பு வாயு’ என்று வழங்கினும் இவை சாதாரண வெப்பநிலையில் திரவங்களே. ஆவியை மூச்சுடன் இழுப்பதாலும் தோல் வழியாகவும் உடலுள் செல்லும். பூச்சிக்கொல்லி ஆய்வின்போது ஷ்ராடர் 1936இல் டாபுனைத் தயாரித்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி இதனைப் பெருமளவு உற்பத்தி செய்தும் போர்க்களத்தில் பயன்படுத்தவில்லை. பாராத்தியான், மோனோகுரோட்டோபாஸ் முதலிய பாஸ்பரஸ் பூச்சிக்கொல்லிகள் இந்நொதியையே தாக்குகின்றன. அவற்றின் வலிமை குறைவு. கார்பமேட்டுகள் நொதியைச் சிறிது காலமே பற்றும். எண்டோசல்பான் இவ்வகையைச் சேர்ந்ததன்று. அட்ரோப்பின் பாஸ்பரஸ், கார்பமேட் நஞ்சுகளின் சில விளைவுகளைத் தடுக்கும், எண்டோசல்பானுக்குப் பயன்படாது. 1958இல் கப்பலில் பாராத்தியான் கலந்த கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இந்தியப் பூச்சிக்கொல்லிச் சட்டம் (1968) இதன் தொடர்ச்சியாகத் தோன்றியது. டோக்கியோவில் 1995இல் பரப்பப்பட்ட சாரினால் இறந்தோர், 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 14 பேர்.”